பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படும் பெருஞ்சாலை குருபரப்பள்ளியைத் தாண்டி, மேலுமலை ஏற்றத்தில் வளைந்தேறிச் சூளகிரியை அடைந்து, அங்கிருந்து சிறிது சிறிதாக உயர்ந்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலிருக்கும் ஓசூரைத் தொட்டு, ஜூஜூவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளியில் கர்நாடக ராஜ்யத்துக்குள் நுழைகிறது. இன்றைய வண்டிகள் இதை ஓர் ஏற்றமென்றே உணராமல் ஓடிவிடுகின்றன. ஆனால் ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் கார் வைத்திருந்தவர்களும் லாரி ஓட்டியவர்களும், சித்திரை வெயிலில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறி, ரேடியேட்டர் கொதித்ததும் சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுங்கி, பானட்டைத் திறந்து வைத்து, ஈரச் சாக்கால் பிடித்து மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் காத்திருந்துதான் மேலே போவார்கள். எந்த எஞ்சினின் யோக்கியதை எவ்வளவு என்பதை அந்த ஏற்றம் பாரபட்சமில்லாமல் சொல்லிவிடும்.

இழுக்கும் சக்திக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் உள்ள சம்பந்தம் மோட்டார் வருவதற்கு முன்பே தொடங்கியது. ஓசூருக்கு அருகே மத்திகிரியில் இன்று இருக்கும் சர்க்கார் கால்நடைப் பண்ணை, 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்துக்குக் குதிரைகளை வளர்த்துக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. பீடபூமியின் குளிர்ந்த காற்றும் பரந்த புல்வெளியும் குதிரைகளுக்கு ஏற்றவையாக இருந்தன. பிறகு குதிரைகள் போய் மாடுகள் வந்தன. நூற்றைம்பது வருஷங்கள் கழித்து, அதே காற்றையும் அதே பெங்களூர்ச் சாலையையும் நம்பி எஞ்சின் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. இப்பொழுது மின்சார வண்டிகளும் இந்தக் கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே உற்பத்தியாகின்றன. இத்தகைய இடத்தில், ஆயுள் முடிந்த எஞ்சினை இறக்கிவிட்டு வேறோர் எஞ்சினைப் பழைய வண்டியில் ஏற்றும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அது நியாயமானதா, அதற்கு எந்த எல்லை உண்டு என்பவற்றைச் சற்று விஸ்தாரமாக ஆராய்வது பயனுள்ள காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வழக்கத்துக்கு முன்னோடியாக வந்தது எஞ்சின் மாற்றமன்று, எரிபொருள் மாற்றம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாகி, மதராஸ் ராஜதானியின் பஸ் முதலாளிகள் வண்டிகளை நிறுத்திவைக்க வேண்டிய நிலை ஏற்பட்டபோது, பஸ்ஸின் பின்புறத்தில் உயரமான இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் செலுத்தும் முறை பரவிற்று. 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் ஸ்தாபனம் இத்தகைய கரிவாயுக் கலங்களைத் தயாரித்து விற்றது. காலையில் ஒருவர் துருத்தி ஊதிக் கரியைப் பற்றவைத்த பிறகே பஸ் கிளம்பும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் கணிசமான பகுதி குறைந்துவிடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. ஆயினும் வண்டி ஓடிற்று. பிறந்தபோது வண்டிக்கு அமைந்த ஆகாரமும் அங்கமும் கடைசிவரை மாறக்கூடாது என்ற விதி எதுவும் இல்லை என்பதை நம்முடைய மெக்கானிக்குகள் அந்த யுத்த காலத்தில் அனுபவத்தால் கற்றுக்கொண்டார்கள். அதே குடும்பத்தின் கிளையொன்று நாற்பது வருஷங்களுக்குள் ஓசூரில் மொபெட் தொழிற்சாலை அமைத்தது இந்தச் சரித்திரத்தில் பின்னால் வரும் செய்தி.

யுத்தம் முடிந்ததும் இன்னொரு சிரமம் வந்தது. அதுவரை தேசமெங்கும் ஓடிய கார்களும் லாரிகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்தவை: செவர்லே, போர்டு, டாட்ஜ், பிளைமவுத், பார்கோ, பெட்போர்டு, ஆஸ்டின், மாரிஸ் என்று பல குலங்கள். அவற்றில் பல, உதிரி உறுப்புகளாகக் கப்பலில் வந்து பம்பாயிலும் மதராஸிலும் கல்கத்தாவிலும் பூட்டப்பட்டவை. சுதந்திர சர்க்கார், இந்தியாவிலேயே வண்டி உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்ற கொள்கையை மேற்கொண்டு, 1953-இல் சுங்கவரிக் கமிஷனும் அதையே சிபார்சு செய்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் இந்நாட்டில் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டன. அந்தக் கொள்கையால்தான் நம் நாட்டில் மோட்டார்த் தொழில் வேரூன்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே சாலையில் இருந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் அன்று தாய்வீடு இல்லாதவை ஆயின. பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்காமல், ஒரு தடவை ரீபோர் செய்து, மறு தடவை ஸ்லீவ் அடித்து, அதற்கு மேலும் தேய்ந்த பிறகு, சொந்தக்காரருக்கு இரண்டே வழிகள் எஞ்சின. ஒன்று வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது. மற்றொன்று வேறு எஞ்சின் ஏற்றுவது. புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில், நல்ல சேஸிஸையும் கனமான தகட்டால் ஆன உடலையும் இரும்புக் கடைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது வழியைத் திறந்துவிட்டதில் டீசல் எஞ்சினுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்தில் பிராங்க் பெர்கின்ஸ் 1932-இல் தொடங்கிய கம்பெனி, அதிவேகமாகச் சுழலும் சிறிய டீசல் எஞ்சின்களைச் செய்வதில் பெயர் பெற்றது. 1930களின் இறுதியில் அது வெளியிட்ட பி6 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோல் லாரிகளில் இருந்த எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் பொருத்தக்கூடிய அளவில் அமைந்திருந்தது. எந்த லாரிக்கு எந்தத் தாங்கி, எந்த இணைப்புத் தகடு என்று தனித்தனியாக மாற்று உறுப்புத் தொகுதிகளையும் கம்பெனியே விற்றது. மதராஸில் 1840 முதல் குதிரை வண்டிகளும், பின்னர் மோட்டார் உடல்களும் கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனி, எஸ். அனந்தராமகிருஷ்ணனின் தலைமையில் 1950களின் தொடக்கத்தில் இந்த எஞ்சினை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கிற்று. செம்பியத்தில் வார்த்துக் கடைந்த பி6 எஞ்சின்கள், தென்னாட்டின் பெட்போர்டுகளிலும் பார்கோக்களிலும் ஏறி, பெட்ரோலுக்குக் கொடுத்த பணத்தில் பெரும் பகுதியை முதலாளிகளுக்கு மிச்சப்படுத்தின. மேலுமலையில் முனகிய லாரி, அதே உடலோடும் அதே நம்பரோடும், வேறு குரலில் ஏறத் தொடங்கிற்று.

லாரிக்குப் பிறகு ஜீப். யுத்தம் முடிந்தபின் ராணுவம் ஏலம் விட்ட வில்லிஸ் ஜீப்புகளும், பின்னர் பம்பாயில் மகீந்திரா கம்பெனி பூட்டியும் உற்பத்தி செய்தும் விற்ற ஜீப்புகளும், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற கரடுமுரடான காட்டுப் பிரதேசங்களுக்கு ஏற்ற வாகனமாக அமைந்தன. வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரை சக்தியும் கொண்டது. அதற்குப் பின் வந்த சி.ஜே.3பி ஜீப்பின் ஹரிக்கேன் எஞ்சின் சற்றே அதிக சக்தியுள்ளது. இரண்டும் நம்பகமானவை, இரண்டும் தாராளமாகப் பெட்ரோல் குடித்தவை. 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடி உலகமெங்கும் விலையை ஏற்றியபோது, ஜீப் வைத்திருந்தவர்கள் எல்லோரும் டீசலைப் பற்றிச் சிந்திக்கலானார்கள். மகீந்திரா கம்பெனியே முதலில் டிராக்டர் எஞ்சினையும், பின்னர் பிரான்ஸின் பீஜோ கம்பெனியின் 2,112 சி.சி. டீசல் எஞ்சினையும் தன் ஜீப்புகளில் வைத்தது. விபத்தில் நசுங்கிய டீசல் ஜீப்புகளின் எஞ்சின்கள் விலைக்கு வரத் தொடங்கியதும், பழைய பெட்ரோல் ஜீப்புகள் ஒவ்வொன்றாக மாறின. ஒரே குடும்பத்து ஜீப்பிலிருந்து வந்த எஞ்சின் என்பதால் வேலையும் ஓரளவு சுலபம்.

கார்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது; ஏனென்றால் இங்கே பட்டறைகள் செய்ததைத் தொழிற்சாலைகளும் செய்தன. 1957-இல் உத்தர்பாராவில் பிறந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் கார், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் உடலையே ஏறக்குறைய இறுதிவரை வைத்துக்கொண்டு, உள்ளே பெட்ரோல் எஞ்சினோடு தொடங்கி, 1980-ஐ ஒட்டி 1,489 சி.சி. டீசல் எஞ்சினையும், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் ஏற்றது. அதே கம்பெனியின் கான்டெஸா, பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் காரின் அகன்ற உடலில் அம்பாசடரின் சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு 1984-இல் வெளிவந்து, இழுக்க முடியாமல் திணறி, இசுசு எஞ்சின் வந்த பிறகே தன் தோற்றத்துக்கேற்ற வேகத்தைப் பெற்றது. பிரீமியர் கம்பெனியின் 118 என்.இ. கார், இத்தாலியப் பியட்டின் உடலும் ஜப்பானிய நிஸான் எஞ்சினும் சேர்ந்த சிருஷ்டி. இதற்கு நேர்மாறான காரியத்தை மதராஸை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கம்பெனி செய்தது. 1985-இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 காரின் உடல், ரோவர் எஸ்.டி.1 என்னும் நவீனமான அழகிய காருடையது. எஞ்சினோ, 1940களின் இறுதியில் வந்த வான்கார்டு காரின் வம்சத்தைச் சேர்ந்த 1,991 சி.சி. எஞ்சின். புதிய உடலில் பழைய எஞ்சினை வைத்த அந்த முயற்சி மூன்று நான்கு வருஷங்களுக்குள் முடிந்துபோயிற்று. உடலுக்கும் எஞ்சினுக்கும் உள்ள பொருத்தம் தப்பினால் பெரிய தொழிற்சாலையும் தப்பாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நம் ராஜ்யத்தில் இல்லை.

தொழிற்சாலைகளே இப்படி மாற்றிக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? டீசல் அம்பாசடர் வந்த பிறகு பெட்ரோல் அம்பாசடர்களை டீசலாக்குவதும், இசுசு வந்த பிறகு இரண்டையும் இசுசு ஆக்குவதும் டாக்சி நிறுத்தங்களில் அன்றாடப் பேச்சாயின. பெரிய அமெரிக்கக் கார்களில் பெர்கின்ஸ் எஞ்சினும் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினும் ஏறின. வேண்டிய சாமான்கள் சென்னையில் புதுப்பேட்டையிலும் பெங்களூரில் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகரிலும் கிடைத்தன. இந்த இரண்டு நகரங்களின் சந்தைகளையும் இணைக்கும் சாலையில், பெங்களூருக்கு இருபத்தைந்து மைல் தொலைவில் ஓசூர் இருந்தது.

ஆனால் ஓசூருக்கு இந்த வேலையில் கிடைத்த தனிச் சௌகரியம், அதன் இருப்பிடத்தினால் மட்டும் உண்டானதன்று. 1971-இல் அமைந்த சிப்காட் என்னும் சர்க்கார் தொழில் வளர்ச்சி ஸ்தாபனம், தன் முதல் தொழில் வளாகங்களுள் ஒன்றை ஓசூரில் 1970களில் ஏற்படுத்திற்று. அன்று தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த இந்தத் தாலுகா பின்தங்கிய பகுதியென்று கருதப்பட்டதால் சர்க்கார் சலுகைகள் கிடைத்தன. பெங்களூரின் இயந்திரத் தொழில் அருகிலேயே இருந்தது. டி.வி.எஸ். மொபெட் 1980-இல் இங்கிருந்து வெளிவந்தது. 1948-இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய கம்பெனி, தன் இரண்டாவது தொழிற்சாலையை 1980-இல் ஓசூரில் திறந்தது. பிறகு ஜப்பானின் ஹினோ கம்பெனியிடமிருந்து எஞ்சின் நுட்பத்தைப் பெற்று, லாரிகளின் பழைய லேலண்டு எஞ்சின்களின் இடத்தில் புதியவற்றை வைத்ததும், 1990களில் ஐவேகோ எஞ்சின் பொருந்திய கார்கோ லாரிகளை ஓசூரிலிருந்தே வெளியிட்டதும் அந்தக் கம்பெனியே. பி6 எஞ்சினைத் தந்த பெர்கின்ஸ் கம்பெனியை 1998-இல் வாங்கிய காட்டர்பில்லர் கம்பெனிக்கு, ஓசூருக்கு அருகே தளி சாலையில் மத்தகொண்டப்பள்ளியில் எஞ்சின் தொழிற்சாலை உண்டு. அது முதலில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோடு கூட்டாக ஏற்பட்ட ஸ்தாபனம். பழைய வண்டிகளின் சரித்திரத்தில் வரும் பெயர்களில் பல ஏதோ ஒரு வகையில் இந்த ஒரு பிரதேசத்தில் வந்து கூடியிருப்பது விசேஷமான செய்தி.

பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உறுப்புகள் கடைந்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. லேத், மில்லிங், கியர் வெட்டும் யந்திரம், வார்ப்படச் சாலை, உஷ்ணத்தால் இரும்பைக் கெட்டிப்படுத்தும் சூளை, பின்னாளில் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் கடைசல் யந்திரம் ஆகிய எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. வேறு ஊரில் எஞ்சின் மாற்றும் மெக்கானிக், உளியாலும் வெல்டிங்காலும் சரிக்கட்டும் காரியத்தை, இங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து வாங்கிவிட முடியும்.

அந்தப் பிசகின்மை எதற்காக என்பதைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றுவதென்றால் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றிப் போல்ட் முடுக்குவது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த வேலையின் ஜீவன், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கிறது. எஞ்சினின் பின்முகத்தில் போல்ட் துளைகள் ஒரு வரிசையில் இருக்கும். பழைய வண்டியின் கியர்ப் பெட்டிக்கு முன்னுள்ள பெல் ஹவுசிங் என்னும் கூட்டில் வேறொரு வரிசையில் இருக்கும். இரண்டையும் இணைக்கத் தடித்த தகடு ஒன்றை வெட்டி, இருபுறத்துத் துளைகளையும் அதில் குறித்துத் துளைக்கிறார்கள். அடாப்டர் பிளேட் என்பது இதுதான். கிராங்கு ஷாப்டின் மையமும் கியர்ப் பெட்டியின் உள்ளே வரும் ஷாப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்காக டயல் கேஜைக் கிராங்கின் முனையில் பொருத்தி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுழற்றி, ஹவுசிங்கின் வட்டத் துளையைச் சுற்றி முள் எவ்வளவு ஆடுகிறதென்று பார்த்து, தகட்டை அணு அணுவாக நகர்த்தி, முள் அசையாமல் நின்ற பிறகே நிலையான ஊசிகளை அடித்து இறுக்குகிறார்கள். இதில் அவசரப்பட்டால் அந்த வாரமே தண்டனை கிடைக்காது; மூன்று மாதம் கழித்துக் கிளட்ச் தட்டு கிழியும், முன் பேரிங் அரற்றும், கியர் வழுக்கும்.

அது முடிந்தபின் மற்றவை. டீசல் எஞ்சின், காற்றை இருபது மடங்கை ஒட்டி அழுத்தி எரிப்பதால், அதன் வார்ப்படம் கனமானது, அதிர்வும் அதிகம். ஆகையால் தாங்கிகளுக்கு வேறு ரப்பரும், முன் அச்சுக்கு இன்னும் பலமான பட்டைகளும் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் சுழலும் வேகத்தில் டீசல் சுழலாது. பின் அச்சிலுள்ள பழைய கிரவுன் பினியனை அப்படியே விட்டால், முதல் கியரில் மலையேறும் வண்டி, டாப் கியரில் மணிக்கு 40 மைலுக்கு மேல் போக மறுத்துக் கத்தும். புரொப்பல்லர் ஷாப்டின் நீளமும் சாய்வும் மாறினால் ஜாயிண்டுகள் சீக்கிரம் தேயும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். புதிய எஞ்சினின் ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனை உடலோடு இணைய வேண்டும். இதை மறந்து இணைத்தால் ஒரு நொடியில் எல்லாம் புகைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். ஐம்பது குதிரை சக்திக்கென்று அமைந்த டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு நூறு குதிரை சக்தி எஞ்சினை ஏற்றுவது, பெங்களூர்ச் சாலையில் மனித உயிரோடு விளையாடும் விளையாட்டாகும். நல்ல மெக்கானிக் எஞ்சினை விலை பேசுவதற்கு முன் பிரேக்கைப் பற்றிப் பேசுவார். அவரை இனம் கண்டுகொள்வதற்கு அதுவே போதிய அடையாளம்.

சட்டம் இந்த வழக்கத்தை நோக்கும் விதமும் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வண்டியின் விவரம் மாறினால் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது. 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பிற்காலத் திருத்தங்களுக்குப் பின், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று கூறுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திற்று. வேறு எரிபொருளுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றும், சர்க்கார் அங்கீகரித்த சாதனங்களுக்குத் தனி வழி விடப்பட்டிருக்கிறது. எல்லைப் பிரதேசத்தில் இதன் விளைவு மற்ற இடங்களைக் காட்டிலும் கூர்மையானது. கர்நாடகத்தில் பதிவான பழைய காரை ஓசூர்க்காரர் ஒருவர் வாங்கினால், அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி, இன்ஸ்பெக்டர் முன் வண்டியை நிறுத்த வேண்டும். அவர் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுவார். என்றோ ஒரு மெக்கானிக் எழுதாமல் விட்ட மாற்றம் அங்கே, சம்பந்தமே இல்லாத புதிய சொந்தக்காரரின் தலையில் விழுகிறது.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வெளியிட்டது. முதற்பதிவு நடந்து 50 வருஷங்களுக்கு மேலான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருத்த மாறுதல் இல்லாமல் இருந்தால், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷங்களுக்குச் செல்லும். பழமையைப் போற்றும் நோக்கத்தோடு வந்த இந்த விதி வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதனால், 1955-இல் பெட்ரோல் எஞ்சினை இழந்து பி6 ஏற்ற வண்டியும், சென்ற வருஷம் கேளிக்கைக்காக ஜப்பானிய எஞ்சின் ஏற்ற வண்டியும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. முன்னது இந்த தேசத்தின் பொருளாதார சரித்திரத்துக்கே சாட்சி. பஞ்ச காலத்தில் நம் ஜனங்கள் தங்கள் புத்தியாலும் கைத்திறத்தாலும் வண்டிகளை எவ்வாறு காப்பாற்றினார்கள் என்பதை வேறு எந்தப் பொருளும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அந்த மாற்றத்தைக் குற்றமென்று ஒதுக்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

அப்படியானால் எல்லா மாற்றமும் சரியென்று சொல்லிவிடலாமா? கூடாது. அமெரிக்காவில் 1955-இல் செவர்லே வெளியிட்ட சிறிய வி8 எஞ்சின், கைக்குக் கிடைத்த பழைய கார்களிலெல்லாம் ஏறி, அபூர்வமான பல கார்களின் சொந்த எஞ்சின்கள் குப்பைக்குப் போகக் காரணமாயிற்று. போன எஞ்சின்களைத் தேடி இன்று அங்கே பெருந்தொகை செலவழிக்கிறார்கள். நம்மிடமும் அதே தவறு நடந்துவருகிறது. இன்றைக்கு எஞ்சின் மாற்றுவது வறுமையினால் அன்று; பெரும்பாலும் வசதியினாலும் ஆசையினாலும். உதிரி உறுப்பைத் தபாலில் வரவழைக்கவும், இல்லாததை ஓசூர்ப் பட்டறையில் கடைந்துகொள்ளவும் முடிகிற இக்காலத்தில், நன்றாக ஓடக்கூடிய ஹரிக்கேன் எஞ்சினை இறக்கி எடைக்குப் போடுவதற்கு ஒரு சமாதானமும் இல்லை. பஞ்சத்தில் மன்னிக்கத்தக்கதாக இருந்த காரியம் செழிப்பில் அவ்வாறு ஆகாது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம், பழைய கட்டடங்களைக் காக்க ஏற்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில், டூரின் சாசனம் என்ற பெயரில் சில கொள்கைகளை வகுத்திருக்கிறது. செய்யும் மாற்றம் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும், எழுதி வைக்கப்பட வேண்டும், திரும்ப மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். 2017-இல் ஜாகுவார் கம்பெனி தன் புகழ்பெற்ற இ-டைப் காரில் மின்சார மோட்டாரைப் பொருத்தியபோது, எடுத்த எஞ்சினின் அளவுக்கும் எடைக்கும் ஒத்ததாக அந்தச் சாதனத்தை அமைத்து, வேண்டும்போது பழைய எஞ்சினையே திரும்ப வைத்துக்கொள்ளும்படி செய்தது. இந்த உதாரணம் ஓசூருக்கு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் ஏதெர் கம்பெனி ஓசூரிலும், ஓலா கம்பெனி போச்சம்பள்ளிப் பக்கத்திலும், டி.வி.எஸ். தன் ஓசூர்த் தொழிற்சாலையிலும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கிற இந்த ஜில்லாவில், மோட்டாரும் பேட்டரியும் அறிந்த இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அடுத்து வரப்போகும் எஞ்சின் மாற்றம், எஞ்சினே இல்லாமற்போகும் மாற்றம். அங்கேயும் மோட்டாரைக் கியர்ப் பெட்டியோடு இணைக்க அதே தடித்த தகடும், அதே டயல் கேஜும், அதே பொறுமையும் வேண்டியிருக்கின்றன.

ஆகவே இந்தத் தொழிலில் ஈடுபட்டவர்களும் வண்டிக்குச் சொந்தக்காரர்களும் மூன்று நியமங்களைக் கைக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்த விரும்புகிறேன். முதலாவது, சேஸிஸை வெட்டக்கூடாது. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் முடுக்கும் தாங்கிகளையே செய்து பொருத்த வேண்டும். இரண்டாவது, இறக்கிய எஞ்சினை எண்ணெய் பூசி, துளைகளை அடைத்து, வண்டியோடு சேர்ந்த சொத்தாக வைத்திருந்து, வண்டி கைமாறும்போது அதையும் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது, எந்த எஞ்சின், எந்த வண்டியிலிருந்து, எந்த வருஷம், யார் கையால் ஏறிற்று என்பதை எழுதி வைக்க வேண்டும். சட்டம் கேட்கிற இடத்தில் அதை மறைக்காமல் காட்ட வேண்டும்.

தனி மனிதர்கள் செய்யக்கூடியது இவ்வளவே; ஊர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் தர்ம ஸ்தாபனத்தார் அமைத்த கார் காட்சிசாலை, ஒரு தொழில் நகரம் தன் சரித்திரத்தை எவ்வாறு மதிக்கலாம் என்பதைக் காட்டியிருக்கிறது. ஓசூர் அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஓசூருக்கு உரியது எஞ்சின்களின் காட்சிசாலை. பி6, ஹரிக்கேன், அம்பாசடரின் டீசல், பீஜோ, ஹினோ என்று இந்தச் சாலை கண்ட எஞ்சின்களை வெட்டு முகத்தோடு வரிசையாக வைத்து, கரிவாயு உருளையில் தொடங்கி மின்சார மோட்டாரில் முடித்து, ஒவ்வொன்றும் எந்த வண்டியில் எதற்காக ஏறிற்று என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வைத்தால், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பாடமாகவும், இந்த மும்மொழிப் பிரதேசத்துக்குப் பெருமையாகவும் இருக்கும். சிறு தொழிலதிபர்களின் சங்கமான ஹோஸ்டியாவும் பெரிய தொழிற்சாலைகளும் மனம் வைத்தால் இடத்துக்கோ பொருளுக்கோ குறைவிராது. அதைவிட அவசரமானது, பெட்ரோல் லாரியில் டீசல் எஞ்சின் ஏற்றிய தலைமுறையின் கையில் பழகிய மெக்கானிக்குகளிடமிருந்து அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வது. எந்த எஞ்சினுக்கு எந்தத் தகடு, எந்தப் பினியன், எந்தச் சாய்வு என்ற கணக்குகள் அவர்களுடைய ஞாபகத்தில் இருக்கின்றன, அவர்களுக்கு வயதாகிவிட்டது, அந்த ஞானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காட்சிசாலைக்குக் கட்டடம் பிறகு கட்டிக்கொள்ளலாம். எழுதும் வேலையை இந்த வருஷமே தொடங்க வேண்டும்.